நடுக்கடலில் நின்ற எஞ்சின்

படகுத்துறையில் அவரைப் பிளக்கண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப்பையில் எப்போதும் எஞ்சினுக்குப் போடும் ஒரு ஸ்பார்க் பிளக் கிடக்கும், அதனால் வந்த பெயர். படகின் பின்னால் மாட்டுகிற டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். எஞ்சினைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஒழுங்கா ஒண்ணுக்குப் போகுதா?" குளிரூட்டும் தண்ணீர் பின்பக்கம் தாரையாக விழுகிறதா என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். தகரக் கொட்டகைக்குள் அவர் மட்டும் சிரித்துக்கொள்வார்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு அறை. அங்கேதான் குடியிருப்பு. மகளுக்குப் பிரசவம் என்று மலையூருக்குப் போன மனைவி, பேரனுக்குப் பல் முளைத்த பிறகும் திரும்பவில்லை. மகள் வேலைக்குப் போகிறாள், பிள்ளையை யார் பார்ப்பது? நியாயம்தான். அவரும் நியாயம்தான் என்று சொல்லிவிட்டு, ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கப் பழகிக்கொண்டார். பழகியும் அளவு மட்டும் பிடிபடவில்லை; மிச்சத்தைத் துறைமுக நாய் சாப்பிட்டுக் கொழுத்தது.

அந்தச் சமயத்தில்தான் எதிர்த்தீவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் படகுக்காரர் மூன்றாவது முறையாக வந்து நின்றார். கொஞ்ச தூரம் நன்றாக ஓடுகிறது, பிறகு செத்துவிடுகிறது, சிறிது நேரம் விட்டு இழுத்தால் மறுபடி பிடிக்கிறது என்றார். பிளக்கண்ணன் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வரும் ஜெட் துளையை ஊதினார், புது பிளக் போட்டார். தண்ணீர் நிரப்பிய டிரம்மில் எஞ்சினை இறக்கி ஓட்டிப் பார்த்தார். பொட்டுக் குறை இல்லை. கொட்டகையில் ஓடுகிறது, கடலில் நிற்கிறது. இது என்ன மாயம் என்று அவருக்குத் தூக்கமே போய்விட்டது.

கடலில் வைத்தே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். படகுக்காரருக்கோ காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. படகை எடுத்துப் போய்க்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எனவே முற்பகலில் பிளக்கண்ணன் தனியாகவே கிளம்பினார். யாரிடம் சொல்லிக்கொண்டு போவது என்ற யோசனையே வரவில்லை. சொல்ல ஆள் இருந்தால்தானே அந்த யோசனை வரும்.

துறைச் சுவரைத் தாண்டி, கரை ஒரு பழுப்புக் கோடாகச் சுருங்கும்வரை எஞ்சின் பாட்டுப்பாடிக்கொண்டு ஓடியது. அப்புறம் இருமியது, திணறியது, நின்றது. கயிற்றை இழுத்தார். மறுபடி இழுத்தார். தோள் கழன்றுவிடும் போலிருந்ததே தவிர எஞ்சின் அசைந்து கொடுக்கவில்லை. நீரோட்டம் படகை வெளிக்கடல் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. நங்கூரத்தைப் போட்டார், கயிறு முழுக்க இறங்கியும் அடி தட்டவில்லை.

துறைக்குப் போன் செய்தால் யாராவது வருவார்கள். ஆனால் மெக்கானிக்கையே கயிறு கட்டி இழுத்து வந்தார்கள் என்று துறை முழுக்கச் சிரிப்பார்களே. கையில் போனை வைத்துக்கொண்டு அவர் தயங்கியபோது அதுவே அடித்தது. மனைவி.

வீட்டில் தன் கம்பளிப் போர்வை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பீரோவின் மேல்தட்டில் என்றார்.

"அதைப் பார்சல்ல போட்டு விடுறீங்களா? இங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சு. இந்தக் குளிர்காலம் முடியட்டும், அப்புறம் வரேனே."

அடுத்த மாதம் வந்துவிடுவாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். "சரி, போட்டு விடுறேன்" என்றார்.

"என்னங்க அது, சளக் சளக்னு சத்தம்?"

"டிரம்ல எஞ்சின் ஊறுது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு பலகையில் உட்கார்ந்தார். இந்தப் படகு இப்படியே போய்விட்டால் தன்னை எப்போது யார் தேடுவார்கள் என்று எண்ணிப் பார்த்தார். படகுக்காரருக்குக் காய்ச்சல் விட்டால் தேடுவார். அதுவும் படகைத்தான்.

அந்த நினைப்பே அவரை உசுப்பியிருக்க வேண்டும். குனிந்து பெட்ரோல் குழாயைப் பார்த்தார். குழாயின் நடுவிலிருந்த ரப்பர் பம்பு, சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஒடுங்கிக் கிடந்தது. எஞ்சின் உறிஞ்சுகிறது, டேங்கிலிருந்து வரவில்லை. அப்போதுதான் உறைத்தது: கொட்டகையில் ஒவ்வொரு முறையும் தன் சொந்த டேங்கை, சொந்தக் குழாயை மாட்டி அல்லவா ஓட்டினோம்! நோயாளியை வீட்டில் விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு வைத்தியம் பார்த்த கதை.

டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் தளர்த்தினார், பம்பு உப்பவில்லை. டேங்கின் உறிஞ்சு குழாயைக் கழற்றி வெளியே இழுத்தார். நுனிச் சல்லடையில் ஊறிப்போன துணி நூல் பந்தாக அடைத்திருந்தது. எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் விட்டு அது கீழே விழும். ஓட ஓட மறுபடி ஏறி ஒட்டிக்கொள்ளும். இந்த முறை விழாமல் இறுகிப்போயிருந்தது. அதை நகத்தால் கிள்ளி எடுத்தார். குழாயைத் திரும்ப மாட்டி, பம்பு கெட்டியாகும்வரை அமுக்கினார்; சட்டைப்பையிலிருந்த பிளக்கையும் மாற்றிப் போட்டார். மூன்று இழுப்பில் எஞ்சின் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு பிடித்தது.

கரையில் யாரும் காத்திருக்கவில்லை. எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட்டு உப்பைக் கழுவினார். படகுக்காரர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். டேங்க் மூடி தொலைந்தபோது கொஞ்சநாள் கிழிந்த பனியனைத் திணித்து வைத்திருந்ததாக அவர் போர்வைக்குள்ளிருந்தே அசடு வழிந்தார்.

சாயங்காலம், என்றும் இல்லாத வழக்கமாக, பிளக்கண்ணன் தானே மனைவிக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொன்னார்.

"அப்பவே ஏன் சொல்லல?" என்றாள்.

"சொன்னா அங்கிருந்து நீ என்ன பண்ணியிருப்ப?"

"ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

பேரன் அழும் சத்தம் கேட்டது. அவள் போக வேண்டியிருந்தது.

மறுநாள் பார்சல் அனுப்பினார். அதற்குப் பிறகு எஞ்சின் சோதனைக்குப் படகை எடுக்கும்போதெல்லாம், போகிறேன் என்று அவளிடம் சொல்வார். வந்ததும் வந்துவிட்டேன் என்பார். அதற்கு மேல் இருவருக்கும் பேச அதிகம் இருக்காது. குளிர்காலம் முடிந்து அவள் வந்தாள், சில வாரம் இருந்தாள், மகள் கூப்பிட்டதும் மறுபடி கிளம்பினாள். பேருந்து நிலையத்தில் ஏற்றிவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பியவர், வாசலில் யாரோ இறக்கி வைத்துப் போயிருந்த எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார்.