சித்தியின் பதின்மூன்று கருவிகள்

எங்கள் சித்தி ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அம்மாவின் தங்கை. நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். சித்தியும் சித்தப்பாவும் கீழ்வீட்டில். பள்ளியை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் மாடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பதால், கீழே நடப்பது எதுவும் என் கண்ணுக்குத் தப்புவதில்லை.

சித்தியிடம் பதினைந்து வயதான சின்னக் கார் ஒன்று உண்டு. வெள்ளை நிறம் என்று பதிவுப் புத்தகம் சொல்கிறது. சித்திக்குக் காலை ஆறு மணிக்கு டியூட்டி. அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. கார் வாங்குவதற்கு முன்பு அவள் யாராவது ஏற்றிக்கொள்வார்களா என்று குடையோடு சாலை ஓரத்தில் நின்ற வருடங்கள் உண்டு. அதனால் அந்தக் காரை யாராவது டப்பா என்று சொன்னால் சித்தி பேச்சை மாற்றிவிடுவாள். சித்தப்பாதான் அடிக்கடி சொல்வார்.

ஒரு நாள் விடியற்காலையில் பாதி வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, ஸ்பேனரும் இருந்தது. நட்டுதான் அசையவில்லை. சித்தி ஸ்பேனர் மேல் ஏறியே நின்று பார்த்தாள். ஸ்பேனர் வளைந்ததே தவிர நட்டு திரும்பவில்லை. பால் வண்டிக்காரர் ஒருவர் இறங்கி வந்து முக்கிப் பார்த்துவிட்டு, காரை அங்கேயே விடச் சொல்லி அவளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாகச் சித்தி தியேட்டருக்கு ஒரு மணி நேரம் தாமதம். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு காத்திருந்தாராம். அப்புறம் ஒரு பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றாமலே ஓட்டையை அடைத்துக் கொடுக்க, கார் வீடு வந்து சேர்ந்தது.

அதற்கு முந்தைய மாதம் தெருமுனை மெக்கானிக் காற்றுத் துப்பாக்கியை வைத்துத் தடதடவென்று முறுக்கிய நட்டுகள் அவை. சித்தி போய்க் கேட்டாள். கேட்டதோடு, பிரேக் பிடிக்கும்போது ஏதோ உரசுகிற சத்தம் வருவதையும் சொன்னாள். அவன் வண்டியை இரண்டு வாரம் விட்டுவிட்டுப் போகச் சொன்னான். என்ன செய்யப் போகிறான் என்று அவள் விவரம் கேட்க, அவன் சிரித்தான்.

"சிஸ்டர், நீங்க ஊசி போடுங்க. வண்டிய நாங்க பாத்துக்குறோம்."

அன்று சாயங்காலம் சித்தி, பிரேக்கைத் தானே சரிசெய்யப் போவதாக அறிவித்தாள். சித்தப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். எந்த வேலையும் ஒரு பட்டனை அழுத்தினால் முடிந்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார். தன் நண்பர் கண்ணாடிக் கடைக்காரர் பழைய கார் ஒன்று தேடுவதாகவும், பேசாமல் அவரிடம் தள்ளிவிடலாம் என்றும் சொன்னார். பேச்சு வளர்ந்து ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அவன் வர்றான். அதுக்குள்ள வேலைய முடிச்சு, சத்தமும் நின்னா வண்டி உனக்கு. இல்லன்னா அவனுக்கு" என்றார் சித்தப்பா.

"சரி" என்றாள் சித்தி. அவ்வளவுதான்.

மறுநாள் இருவரும் கருவிக் கடைக்குப் போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். கடைக்காரர் முதலில் ஒரு பெரிய பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இருநூற்றுப் பதினாறு உருப்படிகள், நகைக்கடை மாதிரி பளபளத்தன. சித்தப்பா சொக்கிப் போனார். சித்தி அதில் எத்தனை முன் பிரேக்குக்கு வேண்டும் என்று கேட்டாள். கடைக்காரர் மனசுக்குள் எண்ணிப் பார்த்து, ஏழெட்டு வரும் என்றார். அப்படியானால் மிச்சம் இருநூறும் யாருக்கு என்றாள். சித்தி சொன்ன விளக்கம் எனக்கு நன்றாகப் புரிந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்பு தட்டில் அந்தச் சிகிச்சைக்கு வேண்டியதை மட்டும்தான் வைப்பார்களாம். அதிகம் இருந்தால் தேடவே நேரம் போய்விடும்.

பிறகு ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தாள். கையுறை மாட்டிக்கொண்டு பிடித்துப் பார்த்தாள், வழுக்குகிறதை ஒதுக்கினாள். நட்டைக் கவ்வும் சாக்கெட்டில் இரண்டு வகை இருந்தது. ஒன்றின் வாயில் பன்னிரண்டு மூலை, இன்னொன்றில் ஆறு. பன்னிரண்டு மூலை உள்ளது எந்தக் கோணத்திலும் சட்டென்று உட்காரும். ஆனால் இறுகிப்போன நட்டில் பலமாகத் திருப்பினால் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். ஆறு மூலை உள்ளது முழுப் பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். சித்தி ஆறு மூலையில் ஆறு அளவுகள் எடுத்தாள். அவற்றைத் திருப்ப ஒரு ராட்செட், எட்டாத இடத்துக்கு ஒரு நீட்டுத் தண்டு, இறுகிய நட்டுக்கு முழங்கைக்கு மேல் நீளமான ஒரு கைப்பிடி. அப்புறம் ஒரு டார்க் ரெஞ்ச். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் முன்கூட்டியே அளவு வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லிவிடும். அந்த 'டிக்'கைக் கேட்டதும் சித்தி சிரித்த சிரிப்பை நான் அவள் கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. ஒரு கிளாம்ப், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு கம்பி பிரஷ் சேர்த்து மொத்தம் பதின்மூன்று. காரைத் தூக்கிய பிறகு தாங்கி நிற்க இரண்டு ஸ்டாண்டுகள் தனி. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கை விடுகிறவனை எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன் என்றாள்.

சித்தப்பாவுக்குக் காற்றுத் துப்பாக்கி மேல்தான் கண். கடைக்காரர் ஒரு சின்ன கம்ப்ரஸரைத் தட்டிக் காட்டி, எட்டு பார் அழுத்தம் என்றார். சித்தி அதைச் சட்டை செய்யவில்லை.

"அழுத்தம் கிடக்கட்டும். துப்பாக்கி நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் காத்து குடிக்கும்? இது எத்தனை லிட்டர் குடுக்கும்?"

கடைக்காரர் சீட்டைத் திருப்பிப் படித்தார். துப்பாக்கிக்கு முந்நூறு வேண்டும். கம்ப்ரஸர் கொடுப்பது நூறு.

"சிலிண்டர் நெறைய ஆக்சிஜன் இருந்தா மட்டும் நோயாளி பொழைச்சுருவாரா? நிமிஷத்துக்கு எவ்வளவு போகுதுங்கறதுதான் கணக்கு" என்று சித்தி வெளியே வந்துவிட்டாள். டயருக்குக் காற்றடிக்க அது போதும், நட்டைக் கழற்றப் போதாது, தினமும் பத்து வண்டி பார்க்கிறவனுக்கு வேண்டுமானால் பெரியதாக வாங்கலாம், வருடத்துக்கு இரண்டு தடவை சக்கரம் கழற்றுகிற வீட்டுக்குக் கை போதும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. அதிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து அந்தக் கம்ப்ரஸரும் துப்பாக்கியும் வாசலில் வந்து இறங்கின. சித்தப்பா சட்டையை மடித்து விட்டுக்கொண்டு பட்டனை அழுத்தினார். மோட்டார் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டது. துப்பாக்கி நாலு நொடி தடதடத்தது. பிறகு இருமியது. பிறகு காற்று நிரம்பும்வரை எல்லோரும் மூன்று நிமிடம் காத்திருந்தோம். மறுபடி நாலு நொடி. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று அம்மா மாடியிலிருந்து சொன்னாள். நட்டு அப்படியே இருந்தது. சித்தி வந்து நீளக் கைப்பிடியை மாட்டி, மூச்சைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். 'டக்' என்று இளகியது.

"நான் ஏற்கெனவே லூசாக்கி வெச்சிருந்தேன்" என்றார் சித்தப்பா.

சித்தியும் ஒரு தப்பு செய்தாள். புதுக் கருவிகள் பிசுபிசுவென்று இருக்கின்றன என்று அத்தனையையும் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு ஊறவைத்துக் கழுவி, வெள்ளைத் துணியில் காயவைத்தாள். தியேட்டர் பழக்கம். ராட்செட்டுக்குள் இருந்த கிரீஸ் எல்லாம் போய், மறுநாள் அது இந்தப் பக்கமும் திரும்பவில்லை, அந்தப் பக்கமும் திரும்பவில்லை. கடைக்குக் கொண்டு போனால், எதுக்கு சிஸ்டர் குளிப்பாட்டினீங்க, ஜுரமா என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் கிரீஸ் வைத்துக் கொடுத்தார். சித்தப்பா அதைத் தெருவில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தி வேலையைத் தொடங்கினாள். தரையில் துண்டு விரித்து, பதின்மூன்றையும் வரிசையாக அடுக்கி, ஒரு தாளில் எழுதி வைத்தாள். வாய்க்கு மாஸ்க். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதிவிடலாம் என்று சித்தப்பா கம்ப்ரஸரை உருட்டிக்கொண்டு வந்தார். அந்தத் தூசி யார் நுரையீரலுக்குப் போகும் என்று கேட்டு, அவள் ஈரத் துணியால் துடைத்தாள். இடது பக்கத்துப் பழைய பிரேக் பேட் தேய்ந்து, இரும்பே இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. சத்தத்தின் காரணம் கையில் வந்ததும் அதைச் சித்தப்பாவிடம் நீட்டினாள். அவர் நகத்தால் தட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

வாங்கி வைத்திருந்த புதுப் பேடுகளை மாட்டி இடது பக்கம் முடிந்து, வலது பக்கமும் முடியப்போகிற நேரத்தில், கண்ணாடிக் கடைக்காரர் சொன்னதற்கு ஒரு மணி நேரம் முன்பே தன் காரில் வந்து இறங்கிவிட்டார். சித்தப்பா கூப்பிட்டார். சித்தி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், வாங்கண்ணா என்று உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். சக்கரத்தை மாட்டினாள். காரை இறக்கினாள். டார்க் ரெஞ்சால் ஒவ்வொரு நட்டையும் 'டிக்' வரும்வரை இறுக்கினாள். உள்ளே உட்கார்ந்து பிரேக் பெடலை நாலைந்து தடவை மிதித்தாள். பெடல் கெட்டியாக நின்றது.

கண்ணாடிக் கடைக்காரர் ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கலாமா என்றார். சித்தப்பா சாவிக்குக் கை நீட்டினார்.

சித்தி தாளைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள். பன்னிரண்டு.

"பதினாலு எம்.எம். சாக்கெட் இல்ல. வண்டி நகரக்கூடாது" என்றாள்.

ஒரு சாக்கெட்தானே, எங்கேயாவது உருண்டிருக்கும், அவன் எவ்வளவு நேரம் காத்திருப்பான் என்று சித்தப்பா கெஞ்சினார். சித்தி கேட்கவில்லை. எண்ணிக்கை சரியாக வராமல் தியேட்டரில் வயிற்றைத் தைத்து மூடமாட்டார்கள். அது பெரிய டாக்டரே அவசரப்படுத்தினாலும் நடக்காது. நாங்கள் எல்லோரும் குனிந்து தேடினோம். கண்ணாடிக் கடைக்காரர்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செடித்தொட்டிக்குப் பின்னால் பார்த்தார்.

சித்தி ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து, பாயில் படுத்து, வலது சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தாள். அப்படியே அசையாமல் கிடந்தாள். பிறகு சொன்னாள்:

"போல்ட் மேலயே இருக்கு."

சக்கரத்தை மறுபடி கழற்றியதும் எல்லோருக்கும் புரிந்தது. பிரேக்கைப் பிடித்து நிற்கும் அந்த போல்ட்டை அவள் கையால் திருகி, ராட்செட்டால் இறுக்கத் தொடங்கிய நிமிடத்தில்தான் சித்தப்பா கூப்பிட்டார். ராட்செட் மட்டும் கையோடு வந்துவிட்டது. சாக்கெட் போல்ட்டின் தலையிலேயே தங்கிவிட்டது. போல்ட் இறுகவே இல்லை. விரலால் திருப்பினாலே சுற்றியது. அப்படியே ஓட்டியிருந்தால் எத்தனை கிலோமீட்டர் தாங்கியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

சித்தி போல்ட்டை அளவு வைத்து இறுக்கினாள். இடது பக்கத்தையும் திரும்பக் கழற்றிச் சரிபார்த்தாள். சக்கரங்களை மாட்டி, மறுபடி எண்ணினாள். பதின்மூன்று. அதற்குள் மணி நாலரை. எழுந்து வந்து சாவியைச் சித்தப்பாவிடம் நீட்டினாள்.

"நாலு மணிக்குள்ள வேலைய முடிக்கறதுதான் பேச்சு. முடிஞ்சுதுன்னு நெனைச்சேன், முடியல. நான் தோத்துட்டேங்க. நீங்க முடிவு பண்ணுங்க."

சித்தப்பா சாவியை வாங்கிக்கொண்டு, நண்பரை ஏற்றிக்கொண்டு போனார். சித்தி கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். அம்மா கீழே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கால் மணி நேரம் கழித்துக் கார் வந்து நின்றது. நின்றதே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. கண்ணாடிக் கடைக்காரர் இறங்கியதுமே, வண்டி தனக்குப் பிடித்திருப்பதாகவும், பேசியதைவிடக் கூடவே தருவதாகவும் சொன்னார். இப்படி எண்ணிப் பார்த்து வேலை செய்த வண்டி வேறு எங்கே கிடைக்கும் என்பது அவர் நியாயம்.

சித்தப்பா அவரை முறைத்தார்.

"என்னப்பா பேசற? நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு அவளுக்கு டியூட்டி. வண்டி இல்லாம எப்படிப் போவா?"

"டேய், விக்கறேன்னு நீதானடா என்னைக் கூப்பிட்ட?"

"டீ குடிக்கக் கூப்பிட்டேன். குடிச்சாச்சுல்ல?"

முதலில் சிரித்தது அம்மாதான். சித்தி சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவர் கையிலிருந்த சாவியைப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணாவுக்கு இன்னொரு டீ வேண்டுமா என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மறுநாள் காலை ஆறரைக்குச் சித்தப்பா மருத்துவமனைக்குப் போன் செய்தார். சித்தி ஏற்கெனவே கையுறை மாட்டி உள்ளே நின்றிருந்ததால், வேறொரு நர்ஸ்தான் எடுத்தாராம். அவசரமா சார் என்று கேட்டதற்கு, ரொம்ப அவசரம், வழியில பிரேக் சத்தம் வந்ததான்னு கேட்டுச் சொல்லுங்க என்றிருக்கிறார். அந்த நர்ஸ் உள்ளே போய்க் கேட்டு வந்து, சத்தமே இல்லையாம் என்று சொன்னார்.

எட்டு மணிக்குள் அந்தச் செய்தி எங்கள் தெரு முழுவதும் பரவிவிட்டது. தெருமுனை மெக்கானிக்கிடம் சித்தப்பா நேரிலேயே போய்ச் சொன்னார். எப்படிச் சரி செய்தோம் என்பதை அவர் விவரித்ததில் 'நாங்க' என்ற சொல் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.