கங்காணியும் பாடிய படம்

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதே, அதற்கு அடுத்த கோடை. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். லாரி போகிற வழியெல்லாம் புழுதி. அந்தப் புழுதியில் எங்கள் சித்தப்பா புதுச் சைக்கிளைத் தொலைத்தது தனிக் கதை. அது கிடக்கட்டும், அத்தை கதைக்கு வருகிறேன்.

அத்தை, அப்பாவின் தங்கை. அளத்தில் உப்பு வாருகிற வேலை. பள்ளிக்கூடம் போகாத நான் அவளோடு போய்த் தண்ணீர்ப் பானைக்குக் காவல் இருப்பேன்.

ஒரு சாயங்காலம் உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் வெள்ளைத் துணி கட்டி ரஷ்யப் படம் காட்டினார்கள். கம்யூனிஸ்ட் சர்க்காரே எடுத்த பாட்டுப் படமாம். கோதுமை வயலில் பெண்கள் பாடிக்கொண்டே அறுக்கிறார்கள். ஒவ்வொரு அடி முடிந்ததும் எல்லோரும் நிமிர்ந்து நின்று ‘ஏ...’ என்று நீளமாய் இழுக்கிறார்கள். பிறகு குனிகிறார்கள். மைக்கில் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்த சங்கத் தலைவர், “இது சும்மா பாட்டு. கதைக்கு அவசியமில்லை” என்று மேலே பேசப் போனார்.

“மைக்க அணையும்யா! பாட்டக் கேக்க விடும்!”

கத்தியது அத்தைதான். பக்கத்திலிருந்தவள் அவளை இடித்தாள்.

“ஏளா, அந்த மீசக்காரன்தான் கங்காணியாம். அவனும்லா பாடுதான்!”

“நம்மாளு பாடுனா அளத்துல கழுத நிக்காதுளா.”

பெண்கள் பக்கம் சிரித்து அடங்க நேரமாயிற்று.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் மெட்டை விடாமல் முனக, அத்தை அதில் நம் பேச்சைப் போட்டாள். ‘வெள்ள வெள்ளப் பாத்தியில வெயிலு வந்து நிக்குதடி, ஏ...’ என்று போகும்.

மறுநாள் அளத்தில் வரிசையாகக் குனிந்திருந்த பெண்கள் அதைப் பாடினார்கள். அடி முடிந்ததும் உப்பு வாருகிற பலகையை ஊன்றிக்கொண்டு எல்லோரும் நிமிர்ந்து ஒரு இழுப்பு. குடைக்குக் கீழே இருந்த கங்காணி எழுந்து வந்தான்.

“இது என்ன, கல்யாண வீடா?”

“கை ஓடுதுல்லா அண்ணாச்சி. வாய் ஓடுனா என்ன?”

“நீ நாளைக்கு வராத.”

அவ்வளவுதான். அத்தையின் வேலை போயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே சங்கத்துக்குப் போனாள். படம் காட்டியவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

“தோழர், நீங்க காட்டுன படம்தான? அந்தப் பிள்ளைங்க பாடிக்கிட்டுதான வேல பாத்தாளுவ?”

தலைவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். “அது ரஷ்யா, அக்கா. இங்கன நம்ம கோரிக்கை கூலி. பாட்டெல்லாம் கோரிக்கைல வராது. போயி கங்காணிகிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுருங்க.”

“பொறவு எதுக்குய்யா படம் காட்டுனீரு? படத்துல கங்காணி பாடுதான். இங்கன நீரு கங்காணி மாதிரில்லா பேசுதீரு!”

அத்தை மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வருஷம் கூலி கூடியது. தலைவருக்கு மாலை போட்டார்கள். மாலை போட்டவர்களில் ஒருவருக்கும் அத்தை ஞாபகம் வரவில்லை. அவள் அப்போது ஊருக்கு வெளியே ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு நம் அளங்களில் சினிமாக்காரன் பாட்டு எடுக்கிறான். கதாநாயகி செருப்புப் போட்டுக்கொண்டு பாத்தி வரப்பில் ஆடுகிறாள். முதலாளி வீட்டுப் பையனே குடை பிடிக்கிறான். அங்கே பாடினால் யாருக்கும் வலிக்கவில்லை! வாயசைக்கிறவளுக்கு உண்டு, வாருகிறவளுக்குக் கிடையாதா? இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றி எரியும்.

அடி முடிவில் அந்த இழுப்பு எதற்கு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அத்தைக்குக் குரல் நல்ல குரல், காட்டிக்கொள்கிறாள் என்றே நினைத்தேன். பிற்பாடு நானும் அளத்தில் குனிந்து இடுப்பு விட்டுப்போன பிறகுதான் விளங்கியது. ஒரு இழுப்பு நேரம் முதுகு நேராகும். ஒருத்தி நிமிர்ந்தால் வசவு. எல்லோரும் சேர்ந்து நிமிர்ந்தால் அது பாட்டு. படத்தில் அத்தை பார்த்தது அதைத்தான். கங்காணிக்கும் அது உடனே புரிந்துவிட்டது. தலைவருக்குத்தான் கடைசி வரை புரியவில்லை.

நீங்கள் யாரிடமாவது இதைச் சொல்வீர்கள் என்றால், பாட்டுப் பாடி ஒருத்திக்கு வேலை போனது என்று சொல்லாதீர்கள். நிமிர்ந்தாள், அதற்காகப் போனது என்று சொல்லுங்கள்.