லொரேன் வாங்கிய ஐம்பத்துநாலு

லொரேன் ஹக்ஸ்டெப் இருபத்திரண்டு வருடமாக ஐடஹோ மலைச்சாலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். தலைகளை எண்ணாமல் வண்டியைக் கிளப்பியதில்லை. யாரிடமும் இனிக்கப் பேசியதும் இல்லை. எல்க் மான் வேட்டைக் குலுக்கலில் ஒன்பது வருடம் காத்திருந்த பிறகு, இந்த வருடம்தான் அவள் பெயர் விழுந்தது. ஒரே மான், அதுவும் குழல் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கியால் மட்டும்.

வீட்டிலிருந்த துப்பாக்கியின் குழல் அகலம் அங்குலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து; அது சின்ன மானுக்குத்தான் ஆகும். எல்க்குக்கு ஐம்பதுக்குக் கீழே சட்டம் விடாது. கடையிலிருந்து இரண்டு ஈயக்குண்டுகளைக் கொண்டுவந்து அடுக்களைத் தராசில் நிறுத்தாள். ஐம்பதைவிட ஐம்பத்துநாலு பார்வைக்கு ஒரு நூல்தான் பெரிது. எடையிலோ கால் பங்கு கூடுதல். ஐம்பத்துநாலு துப்பாக்கியையே வாங்கினாள்.

கொழுந்தன் கெர்மிட்டுக்கு அது பொறுக்கவில்லை. கணவனுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்ததால், இறைச்சி சுமக்க இவனைத்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பருவத்தின் கடைசி நாள் விடியலில், வண்டியருகே அவள் வெடிமருந்து நிரப்பிய மாட்டுக் கொம்பைக் கையிலெடுத்ததுமே ஆரம்பித்தான்.

"எதுக்கு அண்ணி இந்தப் பீரங்கி? தோள் கழண்டுக்கும். ஐம்பதே போதும்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்."

"போன வருஷம் குலுக்கல்ல உனக்கு விழுந்த எல்க்க நூத்திருபது தப்படியில ஐம்பதால சுட்டியே, அது எங்கடா போச்சு? வயித்துல ஓட்டையோட பள்ளத்துல அழுகிக் கெடந்துச்சு. காக்கா கூட்டத்தப் பாத்து நான்தான் கண்டுபிடிச்சேன்."

"காத்து இழுத்துடுச்சு!"

"காத்து இல்ல. உன் கொழுப்பு."

ஆத்திரத்தில் கொம்பைத் திறக்காமலே தோளில் மாட்டினாள். எண்ணெய்த் துணியில் குண்டை வைத்து, அவன் மண்டையில் இடிப்பதுபோல் குழலுக்குள் இடித்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து, நாற்பது தப்படியில் ஆண் எல்க் பக்கவாட்டில் வந்து நின்றது. விசையை அழுத்தினாள். மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு மட்டும் 'டப்' என்றது. அவ்வளவுதான். எல்க் காதைத் திருப்பியது. அவசரமில்லாமல் மரங்களுக்குள் போய்விட்டது.

கெர்மிட் விழுந்து விழுந்து சிரித்தான். "பெரிய குண்டு பத்திரமா உள்ளயே இருக்கு அண்ணி! மருந்தே போடல நீங்க. நான் அப்பவே பாத்தேன்."

"பாத்தியா?"

"என் பேச்ச என்னைக்குக் கேட்டீங்க, நான் சொல்றதுக்கு?"

ஒன்பது வருடம். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி, வண்டியில் ஏறிக் கதவை அடைத்தாள்.

"அண்ணி! ஊருக்குப் பதினோரு மைல் அண்ணி!"

வழக்கம்போல் தலைகளை எண்ணினாள். ஒன்று. வண்டியைக் கிளப்பினாள்.