அஜ்மானில் வாசித்த டிரம்பெட்

துபாய் தேராவில் எங்கள் கார்கோ ஆபீஸ் டிரம்பெட் சத்தத்தோடுதான் திறக்கும். கூட வேலை பார்க்கும் நைஜீரியர் சிடி, ஷட்டரைத் தூக்கியதும் செல்போனில் ஒரு பழைய பாட்டைப் போட்டுவிடுவார். பாடுபவர் அவர்கள் நாட்டில் பேண்டு நடத்திய முன்னோடியாம். வெள்ளைக்காரர்களின் ஹோட்டல் நடனத்துக்கு ஊதப்பட்ட டிரம்பெட்டைத் தங்கள் மொழிக்கும் மேளத்துக்கும் வளைத்தவராம். இன்று அங்கே பையன்கள் பாடுவதற்கெல்லாம் அவர்தான் வேர் என்பார் சிடி. நான் விடுவேனா? எங்கள் சினிமாப் பாட்டு ஒன்றிலிருந்து சுட்டிருப்பார் என்று தீர்ப்புச் சொன்னேன். பாட்டு வந்த காலத்தைச் சிடி சொன்னார். நான் சொன்ன பாட்டின் இசையமைப்பாளர் அப்போது டவுசர் போட்டுக்கொண்டிருந்திருப்பார். அன்று முழுக்க டெலிவரி பில்களில் தலையை நுழைத்துக்கொண்டேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். விருதுநகர்ப் பக்கம் பேண்டு செட்டில் பத்து வருடம் டிரம்பெட் வாசித்தவன் நான் என்றும் பெருமையடித்துவிட்டேன். கல்யாண வீட்டில் "கேசட் மாதிரியே இருக்குப்பா" என்று யாராவது சொன்னால் அதுவே எங்களுக்குப் பட்டம். அந்தப் பட்டம் பலமுறை வாங்கியவன்.

போன மாதம் லாகோஸில் சிடியின் அப்பா இறந்துபோனார். எண்பது தாண்டியவர். முதலாளி, லீவு மாஃபி, கிடையாது என்று முடித்துவிட்டார். நிறைவாழ்வு வாழ்ந்தவர் போனால் அவர்கள் விருந்து வைத்து ஆடுவார்களாம். இங்கே இருக்கும் நைஜீரியர்கள் சேர்ந்து அஜ்மானில் ஒரு ஹால் பிடித்தார்கள். அப்பாவுக்குப் பிடித்த அந்தப் பாட்டை நான் வாசிக்க வேண்டும் என்றார் சிடி. அவரால் அப்பாவுக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

டிரம்பெட்டை இரவல் வாங்கி, கராமா ரூமின் பாத்ரூமில் பத்து நாள் ஊதினேன். ரூம்காரர்கள் குளிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். ரெக்கார்டில் சுருதி பிசகும் ஓர் இடம் உண்டு. அந்தப் பிசகையும் விடாமல் படித்தேன்.

ஞாயிறு மதியம், எல்லோரும் ஒரே துணியில் தைத்த உடையோடு உட்கார்ந்திருந்தார்கள். அச்சு அசலாக வாசித்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சிடி வந்து என் தோளில் கை வைத்தார். அந்தப் பாட்டுக்காரரின் பேண்டில் நேற்று ஊதியதையே இன்றும் ஊதினால் இடம் கிடையாதாம். அங்கிருந்து வெளியே வந்தவர்கள் ஆளுக்கொரு பாணியோடு பேண்டு தொடங்கியதே அதனால்தானாம். "அந்த ரெக்கார்டு எங்ககிட்டயே இருக்கு பாய். எங்கப்பாவுக்கு நீ வாசி" என்றார்.

என்னுடையது என்று எதை வாசிப்பேன்? தலையில் இருந்ததெல்லாம் அடுத்தவன் மெட்டு. கடைசியில் விரல்களுக்கு அகப்பட்டது எங்கள் தெருவில் பாடைக்கு முன்னால் நடந்துகொண்டே ஊதுவது. அதற்குப் பெயரும் இல்லை, கேசட்டும் இல்லை. அவர்களுடைய மேளக்காரர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஹாலே எழுந்து ஆடியது. சிடி அழுதுகொண்டே ஆடினார். நானும் அழுதேன். நாலு வருடத்துக்கு முன் என் அப்பா போனபோது எனக்கும் லீவு கிடைக்கவில்லை. செல்போனில்தான் பார்த்தேன். முன்னால் யாரோ ஊதிக்கொண்டு போனார்கள்.

யாரோ எடுத்த வீடியோவை, பெருமை தாங்காமல், ஸ்டேட்டஸில் வைத்தேன். ஊரிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"இது எழவு வீட்டுக்கு வாசிக்கிறதுல்ல? யாருடா எறந்தது?"

"அப்பா" என்றேன்.

யாருடைய அப்பா என்று அவள் கேட்கவில்லை.