ஜெர்மன் ஜெட்டும் என் மச்சானும்

நேற்று ஞாயிறு. பூசை முடிந்து எங்கள் தின்கன்ஜூன் பேட்டை டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது கரண்ட் போனது. ஜெனரேட்டரைக் கிளப்பினார்கள். டீசல் புகை மூக்கில் ஏறிய அதே நேரத்தில் பக்கத்து மேசைக்காரர் செல்போனில் ஒரு தமிழ் வீடியோவைச் சத்தமாக வைத்தார். உலகப் போரில் ஜெர்மனி பறக்கவிட்ட முதல் ஜெட் போர் விமானமாம். "என்ன ஒரு செயல்திறன்!" என்று கூவினான் வீடியோக்காரன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணே, அத மொதல்ல நிப்பாட்டுங்க!" என்று கத்திவிட்டேன். பாவம், மனுஷன் மிரண்டுபோய் அணைத்தார்.

அவர் மேல் எனக்கென்ன கோபம்? என் மச்சான் அந்த வீடியோவைப் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

மச்சான் என்றால் அக்கா வீட்டுக்காரர், ஆரோக்கியம். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். கடைக்காரருக்கு அவர் 'சயா'; பர்மாவில் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஞாயிறு தவறாமல் கோயிலிலிருந்து நேரே இந்தக் கடைக்குத்தான் வருவோம், இந்த ஜெட்டைப் பற்றிச் சண்டை போட. ஊரில் வேறு பிரச்சினையே இல்லாததுபோல!

"மாப்ளே, அந்த வேகத்துக்கு எதிராளி பிளேனு கிட்டயே வர முடியாது. கொஞ்சம் முந்தி வந்திருந்தா கதையே வேற."

"வேகம் இருந்து என்ன மச்சான்? நல்ல உலோகம் கெடைக்காம, நாலு தடவ பறந்தா எஞ்சின் நாசமாப் போச்சு. எறங்கறப்ப மெதுவாத்தானே வரணும்? அப்பக் காத்திருந்து அடிச்சான்."

டீசல் வாசனை வந்தால் போதும், "பெட்ரோலுகூட வேணாம், இந்த மாதிரி மட்டமான எண்ணெயிலயே பறந்துச்சு" என்று ஆரம்பிப்பார். அந்த எண்ணெயும் பற்றாமல், ஓடுபாதைவரை மாட்டைக் கட்டி இழுத்தார்களாம் என்று எங்கோ படித்ததை ஒரு தடவை எடுத்துவிட்டேன். கடையே சிரித்தது. அந்த வாரம் முழுக்க மச்சான் என்னோடு பேசவில்லை. ஞாயிறுதோறும் நாங்கள் வீடு திரும்புவதற்குள் அக்கா கோழிக் குழம்பை மறுபடி மறுபடி சூடாக்கி, "அந்த பிளேனையே தின்னுங்க ரெண்டு பேரும்" என்பாள்.

அந்த விமானத்தைச் செய்யப் பிடித்துவந்த அடிமைகள் கொத்துக்கொத்தாகச் செத்தார்களே, அதை இந்த வீடியோக்காரன் சொல்வானா? சொல்லமாட்டான்.

மச்சானுக்கு ஒரு பழக்கம். வானத்தில் சத்தம் கேட்டால் எச்சில் கையோடு வாசலுக்கு ஓடுவார். அண்ணாந்து பார்த்து, இன்ன விமானம் என்று பெயர் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கவளம். தன்லியின் ஊருக்குப் போகும் பாலத்தில் பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

பிறகு வடக்கே ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அவருக்கு மாற்றலானது. அக்காவும் போனாள். நாட்டில் பட்டாளத்துக்கும் அதை எதிர்த்தவர்களுக்கும் நடந்த சண்டை அங்கேயும் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பதுங்கு குழி வெட்டினார்கள். சத்தம் கேட்டதும் இறங்கணும், தலையைத் தூக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே மச்சான்தான்.

ஒரு மத்தியானம் ஜெட் வந்தது. அன்று சாயங்காலம் அக்கா போனில் அழவில்லை.

"புள்ளைங்கள எல்லாம் எறக்கிவிட்டாருடா. நானும் எறங்கிட்டேன். 'எது வருதுன்னு பாத்துட்டு வரேன்'னு இவரு மேலயே நின்னாரு. கையப் புடிச்சு இழுத்தேன், வரல."

செயல்திறனாம், மண்ணாங்கட்டி! வெறுங்கையோடு அண்ணாந்து நின்ற ஒரு வாத்தியாரைக் கொல்ல எவனுக்கு என்ன திறன் வேண்டும்? குண்டு போட்டவன் கை விளங்காமல் போக. மச்சான் மேலும் எனக்குக் கோபம்தான். பெயர் தெரிந்து என்ன செய்யப்போகிறீர் ஐயா? இறங்கித் தொலைத்திருக்கக் கூடாதா?

அக்கா இப்போது என்னோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை இறக்கிய சூட்டிலேயே தின்றுவிடுகிறோம். நேற்றும் கடையிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேலே சத்தம் கேட்டது. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போனாள். என் தட்டோடு நானும் போனேன். என்ன விமானம் என்று பார்க்க வாசலுக்கு ஓட, இந்த வீட்டில் இப்போது ஆளில்லை.