சகலையின் இடது கால்

என் சகலையும் நானும் ஒரே மாடல் பழைய கார்தான் வைத்திருக்கிறோம். மாமியாரோடு செம்பட்டிக்கு ஒரு காதுகுத்துக்குப் போனபோது, மேட்டில் என் கார் உறுமியதே தவிர ஏறவில்லை. கருகிய வாடை வேறு. மாமியார் இறங்கி, பின்னால் வந்த சகலை காரில் ஏறிக்கொண்டார். அது நோகாமல் மேடேறியது. எனக்கு வயிறு எரிந்தது.

பேகம்பூர் மெக்கானிக் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நாலாவது கியர் போட்டு, கிளட்சை விட்டார். அணைய வேண்டிய இன்ஜின் அணையாமல் ஓடியது.

“கிளட்ச் பிளேட்டு தேஞ்சுபோச்சுண்ணே. பெடல்லயே காலை வச்சு ஓட்டுறீக.”

“சகலை வண்டியும் இதே மாடல்தானே பாய், அது மட்டும் எப்படி நல்லா ஓடுது?”

அவர் சிரித்துக்கொண்டே புது பிளேட் மாட்டினார்.

என் கார் சரியாகியும் மாமியார் நம்பவில்லை. அடுத்த விசேஷத்துக்கு என்னையும் சகலை காரிலேயே ஏற்றிவிட்டார். முன்சீட்டில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். சகலையின் இடது கால் கிளட்ச் பெடலிலேயே கிடந்தது. அதே மேட்டில் இன்ஜின் உறுமியது, கார் திணறியது.

“என்ன சகல, ஏதோ கருகுற வாடை வருது?” என்றார்.

“ரோட்டுல எங்கயோ தார் காச்சுறாங்க, நீங்க போங்க,” என்று கண்ணாடியை ஏற்றினேன்.