எட்டு கிலோவுக்குள்

நாகல்நகரில் இளவேனில் வீட்டு மாடியில் இரண்டு முதுகுப்பைகள் வாயைப் பிளந்து கிடந்தன. இமயமலையில் எட்டு நாள் நடை. சுமக்கக் கழுதையும் இல்லை, கூலியாளும் இல்லை. அவரவர் சுமை அவரவர் முதுகில். எட்டு கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று இளவேனில் கறாராகச் சொல்லியிருந்தாள். அவள் கணவர் ஒட்டன்சத்திரம் மண்டியிலிருந்து கொண்டுவந்த தொங்கு தராசில் நஜ்முன்னிசாவின் பையை மாட்டினார்கள். பத்தைத் தாண்டியது.

"ஏன்டி, மலைக்குப் போறியா, வீடு மாத்திப் போறியா?"

நஜ்முன்னிசா சிரித்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துவது அவள் வேலை. காலையில் மலைக்கோட்டையைச் சுற்றி நடக்கப் போன இடத்தில்தான் வங்கியில் வேலை பார்க்கும் இளவேனில் பழக்கமானாள். இந்தப் பயணத்துக்காக ஒரு வருஷமாக இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள்.

இளவேனில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். ஜீன்ஸைத் தூக்கிப் போட்டாள். "நனைஞ்சா காயாது, அம்புட்டும் கனம்." போர்வை போயிற்று, எவர்சில்வர் டிபன் டப்பா போயிற்று, குடையும் போயிற்று. மெல்லிய மழைக்கோட்டும், சுருட்டினால் சொம்புக்குள் அடங்கிவிடும் பஞ்சுக் கோட்டும் தங்கின. கடைசியில் பையின் அடியிலிருந்து ஒரு கறுப்புப் பொட்டலம் வந்தது.

"இதென்ன, இம்புட்டுக் கனம்?"

"அது இருக்கட்டும்க்கா. வேணும்னா பஞ்சுக்கோட்டை எடுத்துர்றேன்."

"குளிர்ல வெறச்சுப் போகவா? தொற, பாப்போம்."

நஜ்முன்னிசா அதை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முன்பு ஒருமுறை கடையில் கூட வேலை பார்ப்பவர்களோடு கொடைக்கானல் போனபோது விஷயம் தெரிந்துவிட்டது. பிறகு நாள் முழுக்க அவளை வேனை விட்டு இறங்கவே விடவில்லை. பாவம் பாவம் என்று ஆளாளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்கள். இந்த முறை டாக்டர், "தாராளமா போங்க, கூட வர்றவங்ககிட்ட மட்டும் சொல்லிருங்க" என்றிருந்தார். அதை மட்டும்தான் அவள் செய்யவில்லை.

"எனக்குச் சுகர் இருக்குக்கா. நாலு வேளையும் இன்சுலின் போட்டுக்கிறேன்."

இளவேனில் பொரிந்து தள்ளினாள். "அடிப்பாவி! அந்தப் பனியில நீ மயங்கிக் கெடந்தா, குளிரு தாங்கலையாக்கும்னு நான் தைலத்தைத் தேச்சுக்கிட்டு உக்காந்திருப்பேனே!"

"என்னைய விட்டுட்டுப் போயிருவீங்கன்னு நெனச்சேன்க்கா."

"விட்டுட்டுப் போயி யாருகூடப் படுக்க? ஆளுக்கொரு கூடாரம் எதுக்கு? ஒண்ணு போதும். துணிய நான் தூக்குறேன், கம்பிய நீ தூக்கு."

ஒரு கூடாரம் குறைந்ததும் இரண்டு பைகளும் இளைத்தன. மருந்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள், ஒரு பை தொலைந்தாலும் இன்னொன்றில் இருக்கட்டும் என்று. உறைந்துபோகாமல் இருக்க இரவில் படுக்கைப் பைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று நஜ்முன்னிசா சொல்லிக்கொடுத்தாள். இளவேனில் தன் விரலிலேயே குத்திச் சர்க்கரை பார்க்கப் பழகினாள். எண்ணைப் பார்த்து அவளுக்கே பகீரென்றது. "சாப்ட உடனே பாத்தா அப்படித்தான்க்கா" என்று சொல்லி நஜ்முன்னிசா விழுந்து விழுந்து சிரித்தாள். பையை மறுபடி மாட்டினார்கள். முள் எட்டைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு அதே சுமையோடு சிறுமலை ஏறிப் பார்த்தார்கள். பாதி ஏற்றத்தில் நஜ்முன்னிசாவுக்குக் கை நடுங்கியது. முன்பென்றால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் பின்தங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயில் குளுக்கோஸைப் போட்டுக்கொள்வாள். இப்போது, "அக்கா, செத்த நேரம் நில்லுங்க, சுகர் எறங்குது" என்று சத்தமாகச் சொன்னாள். இளவேனில் பதறவில்லை. பாறை நிழலில் பக்கத்தில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தைப் பிரித்துக் கொடுத்தாள், தானும் இரண்டு எடுத்துக்கொண்டாள். நடுக்கம் அடங்கியது. நெஞ்சில் இத்தனை நாள் கனத்தது எங்கே போனதென்றே தெரியவில்லை நஜ்முன்னிசாவுக்கு. பையை மாட்டிக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள்.

இமயமலையில் எட்டு நாளும் அவள் ஒரு நடைகூடத் தவறவில்லை. ஊர் திரும்பி ரயிலைவிட்டு நொண்டிக்கொண்டே இறங்கியது இளவேனில்தான். கால் நகம் ஒன்று கழன்றிருந்தது.